உங்களுக்குத் தெரியுமா? தீர்வை கட்டியதை நிரூபிப்பது யார்?

வல்வெட்டித்துறைக் கரையில் கடத்தல் பொருள் பிடிபட்டால் இன்றும் பாய்வது 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம்தான். பிரித்தானியர் காலத்துச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டும் பிடி தளரவில்லை.

கைப்பற்றிய பொருளுக்குத் தீர்வை கட்டியாயிற்றா என்ற தகராறு எழுந்தால், நிரூபிக்கும் சுமை உரிமை கோருபவர் தலையில்தான். உரிமையாளர் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் அறிவித்து, பிணையும் வைத்து வழக்காட வேண்டும். தவறினால் பொருள் பறிமுதல். கடத்தலில் தொடர்புபட்டவருக்குப் பொருளின் பெறுமதியைப்போல் மூன்று மடங்குவரை தண்டம் விதிக்கலாம்.

2020இல் இலங்கை மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும், பாக்கு நீரிணையில் பீடி இலையோடு மஞ்சள் மூட்டைகளும் பிடிபட்டன. சரக்கோடு அதை ஏற்றிவந்த படகும் பறிமுதலாகலாம். கடற்றொழிலாளரே, படகை இரவல் கொடுக்குமுன் யோசியுங்கள்.