ஓடுவது வேறு, உயிரோடிருப்பது வேறு

கலிபோர்னியா மாநிலத்து அனஹைம் நகரத்திலுள்ள டிஸ்னிலாந்தில், 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' என்னும் படகுப் பிரயாணத்தின் பிற்பகுதியில், கொள்ளையர் தீயிட்டு எரியும் துறைமுகப் பட்டணம் ஒன்றின் நடுவே, கல்பாலத்தின் அடியில் நம் படகு நுழையும் தறுவாயில் அண்ணாந்து பார்த்தால், குடிமயக்கத்தில் பாலத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் கொள்ளைக்காரன் ஒருவனுடைய கால் நம் தலைக்கு மேலே தொங்குவதைக் காணலாம். அந்தக் காலில் ரோமம் அடர்ந்திருக்கிறது. உள்ளங்காலில் அழுக்கு அப்பியிருக்கிறது. படகு பாலத்தைக் கடக்க அதிக நேரம் ஆவதில்லை. ஆயினும் அந்தச் சொற்ப நேரத்துக்குள், மேலே இருப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும் அல்ல, காலைக் கழுவிப் பல நாளான மனிதன் ஒருவனே என்ற பிரமையை நமக்கு உண்டாக்குவது, அவனுடைய முகத்தைக் காட்டிலும் அந்த அழுக்கேயாகும். 1967-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி இப்பிரயாணம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்தக் காலைச் செய்தவர் யார் என்று கேட்பவர்கள் உண்டு. ரோமம் உதிராமலும், அழுக்கு கூடாமலும் குறையாமலும் அதைக் காத்து வருகிறவர் யார் என்று கேட்பவர்கள் அரியர்.

இவ்வாறு அசைந்தும் பேசியும் ஆளை மயக்கும் யந்திரப் பாவைகளை அனிமட்ரானிக் உருவங்கள் என்பார்கள். வால்ட் டிஸ்னி நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பழைய விசைப்பறவை ஒன்றைக் கண்டு, விலைகொடுத்து வாங்கிவந்து, அதன் உள்ளுறுப்புகளை ஆராயும்படி தம் பட்டறை நிபுணர்களிடம் ஒப்படைத்தார் என்பது இக்கலையின் பூர்வகதை. அதன் பலனாக 1963-ஆம் ஆண்டு ஜூன் மாதம் டிஸ்னிலாந்தில் 'என்சான்டட் டிக்கி ரூம்' என்னும் மண்டபம் திறக்கப்பட்டது. அங்கே பறவைகளும் பூக்களும் மரச்சிற்பங்களுமாக 150-க்கும் மேற்பட்ட உருவங்கள் ஒருங்கே பாடின. பறவை பாடும்போது அதன் மார்பு விம்மித் தணியவேண்டும். ஆனால் இறகு ஒட்டிய துணியோ, மார்பு எழும்போது விரிந்து, தாழும்போது பழைய நிலைக்குத் திரும்பாமல் கசங்கி நின்றது. அந்நாளில் அங்கே பணிபுரிந்த ஹாரியட் பர்ன்ஸ் என்னும் அம்மையார், ஒரு கூட்டத்தில் டிஸ்னி கையை மடக்கி நீட்டும்போதெல்லாம் அவருடைய காஷ்மீர் கம்பளிச் சட்டை முழங்கையோடு இழைந்து நீண்டு சுருங்குவதைக் கண்டு, அதே ஜாதித் துணியைக் கொண்டு பறவைகளின் மார்பை அமைத்தார் என்று சொல்வார்கள். மூச்சு விடுவதுபோல் தோன்றவேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காக இவ்வளவு பிரயாசை!

அடுத்த ஆண்டில் நியூயார்க் உலகப் பொருட்காட்சியின் இல்லினாய் மாநில மண்டபத்தில் ஆபிரகாம் லிங்கனின் உருவம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பிரசங்கம் செய்தது. லிங்கனின் முகத்தின்மீது 1860-ஆம் ஆண்டில் நேரே எடுக்கப்பட்ட அச்சினைத் துணைகொண்டு பிளேன் கிப்சன் என்னும் சிற்பி அந்த முகத்தை உருவாக்கியிருந்தார். பார்த்தவர்கள் பிரமித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்னால், ஆயத்த நாட்களில், அந்த உருவம் ஜன்னி கண்டவனைப்போல் நடுங்கியும் வெட்டி வெட்டி இழுத்தும் தன் சிருஷ்டிகர்த்தாக்களைத் தூங்கவிடாமல் செய்து, திறப்புவிழாவையே தள்ளிப்போட வைத்தது என்பதும் உண்மையே. பிறந்த அன்றே வைத்தியம் தேவைப்பட்ட பிள்ளை அது.

இந்தப் பிள்ளைகளுக்கு வரும் நோய்கள் எவை என்று அறிய, உடம்பின் அமைப்பைச் சற்றே அறிந்துகொள்ளவேண்டும். ஒரு பறவை அலகைத் திறந்து மூடுவது போன்ற இலேசான அசைவுகளுக்கு அழுத்தப்பட்ட காற்று போதும். ஒரு மனித உருவம் கனத்த கையை உயர்த்தி, நடுவில் தயங்கி, மெதுவாக இறக்கவேண்டுமானால், மிகுந்த அழுத்தத்தில் குழாய்களின் வழியே பாயும் எண்ணெயே நெடுங்காலமாக அதன் இரத்தமாக இருந்துவந்தது. சமீப காலத்தில் மின்மோட்டார்கள் அந்த இடத்தைப் பிடித்துவருகின்றன. பின்னர் டிஸ்னிலாந்திலும் இடம்பெற்ற லிங்கனுக்கே 2009-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் புதிய உருவம் அமைந்தது. எண்ணெயால் இயங்கும் உருவத்தில் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சிலிண்டரும், எண்ணெயை அளந்து விடும் வால்வும், மூட்டு எந்த நிலையில் இருக்கிறதென்று கட்டுப்பாட்டு அறைக்கு அறிவிக்கும் உணர்கருவியும் உண்டு. சிலிண்டரின் ரப்பர் வளையம் தேய்ந்தால் எண்ணெய் கசியும். கசிந்த எண்ணெய் சட்டையில் கறையாக வெளிப்பட்டு, பேருரை ஆற்றும் பெருமகனாரை மார்பில் காயம்பட்டவராக்கிவிடும். உணர்கருவி பிசகினால், கை எங்கே இருக்கிறதென்று அறியாத யந்திரம் அதை மேலும் கீழுமாகத் தேடி நடுங்கும். இடைவிடாமல் வளைந்து நிமிரும் குழாய், வளையும் இடத்திலேயே ஒருநாள் வெடிக்கும். படகுப் பிரயாணங்களிலோ, இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எந்நேரமும் காற்றில் நிற்கும் ஈரம் இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும்.

வெளியுடம்பின் துன்பம் இன்னும் அதிகம். முகத்தின் தோல் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்ததாயினும் சிலிக்கோனாயினும், பேசும்போதெல்லாம் வாயோரத்தில் மடிந்து மடிந்து, அந்த மடிப்பிலேயே கிழிகிறது. மனிதத் தோல் கிழிந்தால் தானே கூடும், இது கூடாது. ஆகையால் பழைய அச்சில் புதிய முகத்தை வார்த்து, பழைய முகத்தில் இருந்த அதே நிறங்களை அதே அளவில் தீட்டி, பொய்ம்முடியை வாரிப் பொருத்தவேண்டியிருக்கிறது. சட்டையின் முழங்கையும் கழுத்தோரமும் உள்ளேயிருக்கும் உலோகத்தில் உராய்ந்து நைந்துபோகின்றன. நாம் ஒரு சட்டையை அணிந்து நாளெல்லாம் ஒரே கையை ஒரே விதமாக ஆயிரம் தடவை உயர்த்தினால் அது எத்தனை நாள் தாங்கும் என்று எண்ணிப் பார்த்தால், இந்த உண்மை விளங்கும்.

இவையெல்லாம் யந்திர விஷயங்கள்; எந்த ஆலையிலும் இவற்றைப்போன்ற பழுதுகள் உண்டு. ஆனால் ஆலையில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: யந்திரம் ஓடுகிறதா, இல்லையா? கேளிக்கைப் பூங்காவிலோ அதற்கு மேல் மற்றொரு கேள்வி உண்டு. டிஸ்னி பூங்காக்களில் வருகிறவர்களின் கண்ணுக்குப் படும் இடத்தை மேடை என்றும், படாத இடத்தை மேடைக்குப் பின்புறம் என்றும் சொல்வது வழக்கம்; மேடையில் நிகழ்வது அனைத்தும், குப்பைத் தொட்டியின் வர்ணம் உட்பட, 'ஷோ' என்ற ஒரே சொல்லில் அடங்கும். ஊழியர்களுக்கு நெடுங்காலம் போதிக்கப்பட்டுவந்த நெறிகளில் பாதுகாப்பு முதலாவது, மரியாதை அடுத்தது, அதற்கடுத்தபடியாக இந்த 'ஷோ'வும், அதன் பின்னரே வேலையின் வேகமும் வைக்கப்பட்டிருந்தன. படகு ஓடுவது வேகத்தைச் சேர்ந்தது. பாவை உயிரோடிருப்பது 'ஷோ'வைச் சேர்ந்தது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே காட்சியில் காணலாம். அதே படகுப் பிரயாணத்தில், சிறைக்கம்பிகளுக்குப் பின்னால் அகப்பட்ட கொள்ளையர் சிலர், சாவிக்கொத்தை வாயில் கவ்விக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கும் நாயை, எலும்பைக் காட்டியும் கயிற்றுச் சுருக்கை நீட்டியும் ஆசைகாட்டி அழைத்துக்கொண்டிருப்பார்கள். அழைப்பவர்களின் கைகள் பலவாக அசைகின்றன. நாயின் அசைவோ அற்பம். அந்த அற்ப அசைவு நின்றுவிட்டதென்று வைத்துக்கொள்வோம். படகு நிற்காது, விளக்கு அணையாது, ஒருவரும் வந்து புகார் சொல்லமாட்டார்கள். ஆனால் வருவதா வேண்டாமா என்று யோசிக்கும் நாய் இருந்த இடத்தில் இப்போது நாய்ப்பொம்மை ஒன்று இருக்கிறது. பொம்மையைக் கெஞ்சும் மனிதர்களைப் பார்த்து யாருக்குத்தான் சிரிப்பு வரும்? பாவைகளின் மரணம் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. முதலில் விரல்கள் நிற்கின்றன, பிறகு இமைகள், பிறகு மூச்சு. கடைசியில் கை மட்டும் எழுந்து தாழ்ந்துகொண்டிருக்கும். 'ஓடிக்கொண்டுதானே இருக்கிறது' என்று அதையும் மன்னித்துவிடும் மனப்பான்மை, துருவைக் காட்டிலும் கொடிய சத்துரு.

ஆகையால், கடைசிப் படகு கரைசேர்ந்த பிறகு வேறொரு கூட்டம் உள்ளே நுழைகிறது. நிலவொளியாகவும் தீயொளியாகவும் இருந்த விளக்குகள் அணைந்து, பிரகாசமான வேலைவிளக்குகள் எரிகின்றன; மாயப் பட்டணம் ஒரு கிடங்காக மாறுகிறது. அந்த வெளிச்சத்தில் உருவங்களின் உடை திறக்கப்பட்டு, கசிவுகள் துடைக்கப்பட்டு, வளையங்கள் மாற்றப்படுகின்றன. ஆனால் அந்த வெளிச்சத்திலேயே எல்லாவற்றையும் தீர்மானித்துவிட முடியாது; வேலைவிளக்கில் சரியாகத் தோன்றும் முகவர்ணம், காட்சிவிளக்கின் கீழ்ப் பிணக்களை கொண்டுவிடலாம். பார்வையாளர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் பழுது பழுதாகத் தெரியும்.

சுத்தம் செய்வதிலும் விசித்திரம் உண்டு. 1969-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்ட 'ஹான்டட் மேன்ஷன்' என்னும் பேய்மாளிகையில், தூசியும் ஒட்டடையும் அலங்காரங்களாகும். செயற்கைத் தூசியைத் தூவுவதும், ரப்பர்ப் பசையைப் போன்ற பொருளை இழை இழையாகப் பீய்ச்சி ஒட்டடை கட்டுவதும் அங்கே பராமரிப்பைச் சேர்ந்த காரியங்கள். இயற்கையாகப் படியும் தூசியோ யந்திர மூட்டுகளுக்கு விஷம்! எனவே உண்மையான தூசியை அகற்றிவிட்டுப் பொய்யான தூசியைப் போடவேண்டிய நிலைமை. துடைப்பத்தோடு வருகிறவனுக்கு எந்தத் தூசி வேலைக்கு உகந்தது, எந்தத் தூசி கதைக்கு உகந்தது என்ற விவேகம் இருக்கவேண்டும்.

இவ்வளவு காவலையும் மீறிய தோல்விக்கும் உதாரணம் உண்டு. 2006-ஆம் ஆண்டில் ஃபுளோரிடாவின் அனிமல் கிங்டம் பூங்காவில் 'எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்' என்னும் செயற்கை மலை திறக்கப்பட்டபோது, அதனுள்ளே ஏறத்தாழ 25 அடி உயரமுள்ள எட்டி என்னும் பனிமனிதன், ஓடும் ரயிலை நோக்கிக் கையை ஓங்கிப் பாய்ந்தான். சில மாதங்களுக்குள் அவன் அசைவு நிறுத்தப்பட்டது. விட்டுவிட்டு மின்னும் விளக்கை அவன்மீது பாய்ச்சி, அசைவதுபோன்ற தோற்றத்தை உண்டாக்கி ஒருவாறு சமாளித்தார்கள். ஒரு காட்சி பழுதானால் அதற்குப் பதிலாக ஓட்டுவதற்கென்று இவ்வாறு வைத்துக்கொள்ளும் மாற்று ஏற்பாட்டை அத்தொழிலில் 'பி மோட்' என்று குறிப்பிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான், பிரயாணிகளைத் திருப்பி அனுப்பாமல் காக்கிறது. ஆனால் நாலு நாளைக்கு என்று வந்த விருந்தாளி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதுபோல, அந்த விளக்கு அங்கேயே தங்கிவிட்டது. மலையின் வயிற்றுக்குள் புதைந்து நிற்கும் அத்தனை பெரிய உருவத்தைச் சீர்செய்வது எளிய காரியமன்று என்பதே அதன் காரணம். அந்த உருவத்தை அமைத்தபோதே சீர்செய்யும் நாளையும் நினைத்திருக்கவேண்டும் என்பது அதன் படிப்பினை.

இதற்கு மாறாக, ஸ்விட்ஸர்லாந்தின் நெஷாத்தெல் நகரப் பொருட்காட்சிசாலையில், 1768-க்கும் 1774-க்கும் இடையில் ஜாக்கே-ட்ரோ குடும்பத்தார் செய்த சிறுவன் பாவை ஒன்று இன்றும் இறகுப் பேனாவை மையில் தோய்த்து, உதறி, எழுதுகிறது. ஏறத்தாழ 6000 உறுப்புகள் கொண்ட அந்தப் பாவையைப் பொதுமக்களுக்காக மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இயக்கிக் காட்டுகிறார்கள். மற்ற நாட்களில் அதற்கு ஓய்வு. கொள்ளைக்காரர்களுக்கு அந்த ஓய்வு கிடையாது. ஓய்ந்தால் அவர்கள் கொள்ளைக்காரர்களே அல்லர். ஓய்வு கொடுத்துக் காக்க இயலாத ஒன்றை, பழுது வருவதை முன்கூட்டியே எதிர்பார்த்துத்தான் காக்கவேண்டும்.

அப்படி எதிர்பார்த்தவர் ஒருவர் ஆதியிலேயே இருந்தார். கொள்ளையர்களுக்கு உடை தைத்த ஆலிஸ் டேவிஸ் அம்மையார், ஒவ்வோர் உருவத்துக்கும் இரண்டு ஜோடி உடை வேண்டுமென்று கேட்டார். அதற்குப் பணம் இல்லையென்று மேலிடம் மறுத்துவிட்டது. அவர் வாதாடவில்லை; செலவுத் திட்டத்திலேயே தொகையைச் சற்றுக் கூட்டிப்போட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் இரண்டாவது ஜோடியையும் தைத்து வைத்துவிட்டார். பிரயாணம் தொடங்கிய பிறகு ஒரு விபத்தில் உடைகள் பாழாகிவிட, இனி என்ன செய்வது என்று மேலிடத்தார் கலங்கி நின்றபோது, அம்மையார் தாம் மறைத்து வைத்திருந்த உடைகளை எடுத்துக்கொடுத்தார். இதைப் பிற்காலத்தில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னதுண்டு. முதல் ஜோடியைத் தைத்தவர் தையற்கலைஞர். அது கிழியும் என்று அறிந்து இரண்டாவது ஜோடியைத் தைத்தவரே அந்தப் பாவைகளுக்குத் தாய்.