மீட்டர் வரை அரசு, அதற்கு அப்பால்?
பழைய கிராமத்து வீடுகளின் மின் பாதுகாப்பு யார் பொறுப்பு?

நமது நாடாளுமன்ற நிருபர்

சாலை (திருவனந்தபுரம்): எல்லா வீடுகளுக்கும் மின் இணைப்பு என்ற இலக்குக்காக மத்திய, மாநில அரசுகள் பல்லாயிரம் கோடி ரூபாய் செலவிட்டுள்ளன. ஆனால், இணைப்பு பெற்ற வீடுகளின் சுவர்களில் ஓடும் பழைய கம்பிகளின் நிலை குறித்து தில்லியில் அபூர்வமாகவே பேசப்படுகிறது.

இதன் விளைவு என்ன என்பதைப் புரிந்துகொள்ள, திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையை ஒட்டிய சாலைக் கம்போளம் பொருத்தமான இடம். 18-ம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய கடைத்தெரு இது. தமிழ் வணிகர்கள் பல தலைமுறைகளாக இங்கு வாழ்ந்து வருகின்றனர். நெடுமங்காடு, காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை பகுதிக் கிராமத்தினர் பலசரக்கு முதல் மின்சாமான் வரை வாங்க இங்கு வருவது பழைய வழக்கம்.

கம்போளத்தை ஒட்டிய பவர் ஹவுஸ் ரோட்டின் பெயரிலேயே வரலாறு இருக்கிறது. தலைநகருக்கு மின்சாரம் வழங்க திருவிதாங்கூர் அரசு 1929-ல் தொடங்கிய அனல் மின் நிலையத்தின் நினைவு அது. 1940-ல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் வந்தது. 1957-ல் கேரள மாநில மின்சார வாரியம் அமைந்தது. 2017 மே மாதம், எல்லா வீடுகளுக்கும் மின் இணைப்பு அளித்த மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது.

இணைப்பு முழுமை பெற்றுவிட்டது. பாதுகாப்பு முழுமை பெற்றதா என்பதே கேள்வி.

சுமை கூடியது, கம்பி மாறவில்லை

இரண்டு விளக்கு, ஒரு வானொலி, பிறகு ஒரு மின்விசிறி. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கிராமத்து வீடுகளில் கம்பி இழுத்தபோது கணக்கில் கொள்ளப்பட்ட சுமை அவ்வளவே. மரச் சட்டங்களின் மீது ஓடும் ரப்பர் உறையிட்ட கம்பிகளைப் பழைய ஓட்டு வீடுகளில் இன்றும் காணலாம். காலப்போக்கில் அந்த ரப்பர் இறுகி வெடிக்கிறது. எலி கடிக்கிறது. மழைக்காலத்தில் சுவர் ஈரம் ஏறுகிறது. அதே கம்பியில்தான் இன்று பிரிட்ஜ், மிக்ஸி, தேய்ப்புப் பெட்டி, கிணற்று மோட்டார் எல்லாம் ஓடுகின்றன. ஓர் இண்டக்ஷன் அடுப்பு மட்டுமே ஏறக்குறைய 2 கிலோவாட் இழுக்கிறது.

பியூஸ் இருக்கிறதே என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. பியூஸ் காப்பது கம்பியைத்தான், மனிதரை அல்ல. 5 ஆம்பியர் பியூஸ் உருக அதைவிட அதிக மின்சாரம் பாய வேண்டும். ஆனால், அதில் நூறில் ஒரு பங்கு உடலில் பாய்ந்தாலே உயிர் போகக்கூடும். மின்சாரம் தாக்கி நாட்டில் ஆண்டுக்கு 10 ஆயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழப்பதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டு அறிக்கைகள் தெரிவிக்கின்றன. இதில் வயல்வெளி, தெருக்கம்பி விபத்துகளும் அடங்கும்.

வீட்டுக்குள் மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான். வீட்டுக்குள் செல்லும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என அது கண்காணிக்கிறது. 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிந்தாலே, நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். விலை ஓரிரு ஆயிரம் ரூபாய். ஆனால், இதை மட்டும் வாங்கி மாட்டுவதால் வேலை முடிந்துவிடாது. பழைய கம்பிகளில் ஏற்கெனவே கசிவு இருப்பதால், அடிக்கடி துண்டித்துக்கொண்டே இருக்கும். தொல்லை தாங்காமல் அதைத் தவிர்த்து நேரடி இணைப்பு கொடுத்துக்கொள்பவர்களும் உண்டு. எனவே கம்பியையும், எர்த் குழியையும் சேர்த்தே சீரமைக்க வேண்டும். கூலி வேலை செய்பவருக்கு அது பெருஞ்செலவு.

விதியும் விலக்கும்

1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் பின்னர் சேர்க்கப்பட்ட 61-ஏ விதி, மின்கசிவுப் பாதுகாப்புச் சாதனத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால், 5 கிலோவாட்டுக்குக் குறைந்த தாழ்வழுத்த இணைப்புகளுக்கு விலக்கு அளித்தது. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-ல் விதிமுறைகளை வெளியிட்டது. அப்போதும், ஒரு கிலோவாட்டுக்கும் குறைவான சுமையுடன் பதிவான ஏழை வீடுகள் விலக்குக்குள்ளேயே இருந்தன. எந்த வீட்டில் கம்பி பழையதோ, அந்த வீடே விதிக்கு வெளியே நின்றது. 2010 விதிமுறைகளுக்குப் பதிலாக 2023-ல் புதியவை வந்துவிட்டன. எனினும், அரசிதழில் விதி மாறுவதால் சுவரில் உள்ள கம்பி மாறிவிடாது.

நிதி ஒதுக்கீட்டிலும் இதே நிலைதான். 1988-89-ல் தொடங்கிய குடிசை ஜோதித் திட்டம் ஏழை வீட்டுக்கு ஒற்றை விளக்கு அளித்தது. 2005-ல் ராஜீவ் காந்தி கிராம மின்மயமாக்கல் திட்டம் வந்தது. 2017-ல் தொடங்கிய சௌபாக்யா திட்டத்தில் 2.86 கோடி வீடுகள் இணைப்பு பெற்றன. அதிலும் வீட்டுக்குள் ஒரு விளக்குக்கான கம்பியே வழங்கப்பட்டது. 2021-ல் ரூ. 3,03,758 கோடி மதிப்பீட்டில் அறிவிக்கப்பட்ட விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் நோக்கம் மின்பாதைகள், மின்மாற்றிகள், ஸ்மார்ட் மீட்டர்கள் ஆகியவையே.

நாடாளுமன்றத்தில் மின் விபத்துகள் குறித்துக் கேள்வி எழுந்தால், மின்சாரம் பொதுப்பட்டியலில் உள்ளது, விநியோகம் மாநிலங்களின் பொறுப்பு என்பதே மத்திய அரசின் வழக்கமான பதில். மாநில வாரியங்களோ மீட்டருக்கு அப்பால் நுகர்வோர் பொறுப்பு என்கின்றன. உயிரிழப்பு நேர்ந்த பின் விசாரிக்க மின்சாரச் சட்டத்தின் 161-வது பிரிவு இருக்கிறது. அதற்கு முன் பழைய வீட்டுக்குள் சென்று பார்ப்பவர் இல்லை.

வெள்ளம் காட்டிய வழி

மீட்டரைத் தாண்டி அரசு செல்ல முடியாதா? முடியும் என்று காட்டியது கேரளமே. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சுமார் 25 லட்சம் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. நீர் வடிந்ததும் சோதனை இல்லாமல் மின்சாரம் விடுவது ஆபத்து என்பதால், வீட்டுக் கம்பிகள் பரிசோதிக்கப்பட்டன. ஓய்வுபெற்ற ஊழியர்கள், வயர்மேன்கள், தொழிற்பயிற்சி மாணவர்கள் இப்பணிக்குத் திரட்டப்பட்டனர். கம்பிகள் சேதமடைந்த வீடுகளுக்கு மின்கசிவுத் துண்டிப்பானுடன் ஒரு விளக்கு, ஒரு பிளக் கொண்ட தற்காலிக இணைப்பு தரப்பட்டது. பேரிடரில் செய்ய முடிந்ததை வழக்கமான காலத்தில் செய்யத் தடை எது?

வெளிநாடுகளிலும் முன்னுதாரணங்கள் உள்ளன. பிரான்ஸில் 2009 முதல், 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மின்கம்பி அமைப்புள்ள வீட்டை விற்க மின் பரிசோதனை அறிக்கை தேவை. இங்கிலாந்தில் வாடகை வீடுகளுக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனை கட்டாயம் என 2020-ல் விதி வந்தது.

இந்தியாவில் இதற்கெனப் புதிய துறை எதுவும் தேவையில்லை. ஸ்மார்ட் மீட்டர் பொருத்த ஊழியர் எப்படியும் வீட்டு வாசலுக்கு வருகிறார். அப்போதே கசிவையும் எர்த்தையும் சோதிக்கலாம். பெயர் மாற்றம், சுமை உயர்வு கோரும்போது சோதனையைக் கட்டாயமாக்கலாம். ஏழை வீடுகளுக்குத் துண்டிப்பானும் கம்பிச் சீரமைப்பும் மானியமாக வழங்கலாம். மேற்கூரைச் சூரிய மின்சாரத்துக்கு ஒரு வீட்டுக்கு ரூ. 78 ஆயிரம் வரை மானியம் அளிக்க 2024-ல் மத்திய அரசு முன்வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. கூரைக்கு மானியம் உண்டு என்றால், அதன் கீழ் உள்ள சுவருக்கு ஏன் கூடாது?

குமரி மாவட்டத்தின் பல கிராமங்களும் பழைய திருவிதாங்கூர் வீடுகளைக் கொண்டவையே. எனவே இது கேரளத்தின் பிரச்னை மட்டுமல்ல. இரு மாநில எம்.பி.க்களும் சேர்ந்தே கேட்கக்கூடிய கேள்வி இது.