கொல்கத்தா தாயின் மகன், வேல்ஸ் சட்டையில்

நம் விருதுநகர் மாவட்டத்து மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 19 லட்சத்துக்கு மேல். வேல்ஸ் நாட்டில் இருப்பதோ சுமார் 31 லட்சம் பேர்தான். அந்தச் சின்ன நாடு 1958 உலகக் கோப்பைக்குப் பிறகு 58 ஆண்டுகள் எந்தப் பெரிய கால்பந்துப் போட்டிக்கும் தகுதி பெறவில்லை.

2016 ஜூன் 20, பிரான்சின் துலூஸ் நகரம். யூரோ கோப்பையில் ரஷ்யாவுடன் ஆட்டம். இடது பின்வரிசைக்காரர் நீல் டெய்லர் முன்னேறி வந்து பந்தை அடிக்கிறார், கோல்கீப்பர் தடுக்கிறார். திரும்பி வந்த பந்தை அவரே மறுபடி வலைக்குள் தள்ளுகிறார். தற்காத்து நிற்பதே வேலையாக இருந்தவருக்கு, வேல்ஸுக்காக ஆடிய 43 ஆட்டங்களில் கிடைத்த ஒரே கோல் அது! சிவகாசி சரவெடி போல அரங்கம் அதிர்ந்தது. வேல்ஸ் 3-0 என வென்றது, அரையிறுதிவரை போனது.

இந்த டெய்லரின் தாய் கொல்கத்தாவைச் சேர்ந்தவர். அதனால்தான் அந்தக் கோல் நமக்கும் கொஞ்சம் சொந்தம் என்று தோன்றுகிறது. 2010-ல் குரோஷியாவுக்கு எதிராக வேல்ஸ் சட்டையை முதன்முதலாக அணிந்தவர், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணிக்கும் ஆடினார்.

நம் மாவட்டத்துச் சாத்தூரிலும் திருத்தங்கலிலும் மாலையில் பந்து உதைக்கும் பிள்ளைகளைப் பார்த்தால், இரண்டு நிமிடம் நின்று கை தட்டிவிட்டுப் போங்கள்.