சங்கிலி ஏன் இறுகுகிறது?

மோட்டார் சைக்கிளின் சங்கிலியில் எப்போதும் சிறிது தொய்வு விட்டிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கரடுமுரடான நிலத்தில் ஓட்டுவதற்காக 'பக்கி' என்னும் சிறு வண்டியைத் தாமே கட்டுபவர்கள் முதலில் விடை காண வேண்டிய வினா, இத்தொய்வு எதற்கு என்பதே.

இவ்வண்டியில் எஞ்சின் சட்டத்தோடு பிணைந்து அசையாமல் இருக்கும். பின் அச்சோ, கீலில் ஆடும் ஒரு கரத்தின் நுனியில் அமைந்து, சுருள்வில்லின் துணையுடன் மேலும் கீழும் அசையும். முன் பற்சக்கரத்தின் மையத்துக்கு 60 மி.மீ. பின்னால் கீல் இருக்கிறது, கரத்தின் நீளம் 400 மி.மீ. என்று கொள்வோம். மூன்று மையங்களும் நேர்கோட்டில் வரும்போது பற்சக்கரங்களின் இடைத்தொலைவு 460 மி.மீ. கரம் 20 பாகை சாய்ந்தால் அது சுமார் 457 மி.மீ.தான். சக்கரம் தொங்கும்போது சங்கிலியை இறுக்கிப் பூட்டினால், ஆள் ஏறிக் கரம் நேராகும்போது 3 மி.மீ. போதாது, சங்கிலி அறுந்துபோகலாம், பேரிங்கும் பழுதாகலாம்.

இதைத் தவிர்க்க, நடுவில் ஓர் இடைத்தண்டை அமைத்து, அதன் மையத்திலேயே கரத்தின் கீலையும் வையுங்கள். எஞ்சினிலிருந்து இடைத்தண்டுக்கு ஒரு சங்கிலி. அங்கிருந்து பின் அச்சுக்கு மற்றொன்று. கரம் எவ்வளவு ஆடினாலும் வட்டத்தின் ஆரம் மாறாது அல்லவா? ஆகவே சங்கிலியின் இறுக்கமும் மாறாது.

ஒன்றை மறவாதீர்கள்: ஓட்டத்தில் அறுந்த சங்கிலி சாட்டைபோல் வீசும். தகட்டு மூடி பொருத்தாமல் வண்டியைக் கிளப்பக் கூடாது.