தாழ்ந்த சுருதிக்கு ஒரு பிளாஸ்டிக் குழல்

‘பிளாஸ்டிக் பைப்பில் நாட்டுப்பாட்டா?’ என்று சிரிக்கிறவர்கள் நம் கல்லூரியிலேயே உண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், குழல் செய்ய மூங்கிலோடு சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகியவற்றையும் சொல்கிறார். மூங்கிலுக்கே முதல் மரியாதை; ஆனால் அது மட்டுமே குழல் என்று அவரும் சொல்லவில்லை.

எங்க ஆயா நடவுப்பாட்டு பாடுவார்கள். கனத்த குரல். திருவிழாக் கடையில் விற்கும் சின்னக் குழலின் சுருதிக்கு அது ஏறாது. குழல் எடுத்தால் ஆயா பாட்டை நிறுத்திவிடுவார்கள். தாழ்ந்த சுருதியில் குழல் தேட ஆரம்பித்தது அதனால்தான்.

கல்வராயன் மலையில் இல்லாத மூங்கிலா என்று கேட்பீர்கள். சிக்கல் நீளத்தில் இருக்கிறது. ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணின் இருமடங்கால் வகுத்தால் குழலின் நீளம் ஏறக்குறைய கிடைக்கும். நம்ம ஊர் வெயிலில் வேகம் நொடிக்கு 350 மீட்டர் போல. 2 கட்டை, அதாவது 294 ஹெர்ட்ஸ், அடிச்சுரமாக வர 60 செ.மீ. வேண்டும். கல்மூங்கிலில் கணுவுக்குக் கணு 30 முதல் 45 செ.மீ.தான், சுவரும் தடிமன், சிலதில் ஓட்டையே இருக்காது. கம்புக்கு அது ராஜா, இதுக்கு ஆகாது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அயர்லாந்துக் கலைஞர் ஃபின்பார் ஃப்யூரியின் இந்திய மூங்கில் குழல் நசுங்கிப்போக, இங்கிலாந்தின் பெர்னார்ட் ஓவர்டன் 1971-ல் அலுமினியத்தில் செய்து கொடுத்தார். ‘லோ விசில்’ என்ற நெட்டைக் குழல் அப்படித்தான் பிறந்தது.

நமக்கு 25 மி.மீ. வயரிங் பைப்பே போதும். குறுகலான பைப்பில் அடிச்சுரம் சோர்ந்துவிடும். ரொம்ப அகலமானால் மேல்சுரம் வராது. வளையாமல் நேராக இருக்கிறதா என்று கண்ணருகே பிடித்துப் பாருங்கள். துளைகள் தள்ளித் தள்ளி வருவதால் விரல் நுனியால் மூட எட்டாது, நடுக்கணுவால் மூடணும். கை சின்னதென்றால் சுருதியை ஒரு கட்டை ஏற்றிக்கொள்ளலாம்.

துளையைச் சிறிதாகப் போட்டு அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினால் சுரம் ஏறும். ஏறிப்போச்சுன்னா மெழுகு வைத்துத்தான் இறக்கணும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மட்டும் சுடாதீர்கள்; பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நம்ம ஒர்க்ஷாப் டிரில்லிங் மெஷின் எதற்கு இருக்கிறது?

ஒன்று, பம்பையும் தப்பும் முழங்குகிற இடத்தில் இந்தக் குழல் கேட்காது. பாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊத வேண்டிய குழல் இது.