இகுவானாவுக்குக் கண்ணாடித் தொட்டி எதற்கு? புதுச்சேரி வெயில் இருக்கிறதே!

குட்டியாக இருக்கும்போது பச்சை இகுவானா ஒரு அடி நீளம்கூட இருக்காது. மீன் தொட்டி மாதிரி ஒரு கண்ணாடிப் பெட்டியில் கிளை ஒன்றைச் சாய்த்து விட்டால் பார்க்க அழகுதான். சிக்கல் பிறகுதான். சில வருடங்களில் அது 5 அடியைத் தொட்டுவிடும். பாதிக்கு மேல் வால்தான் என்றாலும், அந்த வாலுக்கும் இடம் வேண்டுமே!

மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் ஆற்றோர மரங்களின் மேல் வெயில் காயும் பிராணி இது. அதனால் கூண்டு உயரமாக இருக்க வேண்டும். வளர்ந்த இகுவானாவுக்கு 6 அடி உயரம், 6 அடி நீளம், 3 அடி அகலமாவது தேவை. உள்ளே அதன் எடையைத் தாங்கும் கிளைகள், மேலே படுக்க ஒரு பலகை. வெயில் காயும் இடத்தில் 35 டிகிரி செல்சியஸ், மற்ற இடங்களில் 27 முதல் 30 வரை. ஈரப்பதமும் நிறைய வேண்டும். படிக்கும்போதே தோன்றியிருக்குமே... நம்ம ஊரே பாதி டெர்ரேரியம்தான்!

ஆனால், சூடு மட்டும் போதாது. வெயிலில் இருக்கும் புறஊதா-பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் சாப்பாட்டிலுள்ள கால்சியம் உடம்பில் சேரும். ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னாலேயே வளரும் இகுவானாவுக்குத் தாடை வீங்குவதும், கால் வளைவதும், எலும்பு லேசில் முறிவதும் இதனால்தான். மூடிய தொட்டியை நேர் வெயிலில் வைத்தாலோ அது அடுப்பாகிவிடும்.

ஆகவே, பால்கனியிலோ மொட்டை மாடியிலோ வலைக்கூண்டுதான் சரி. கடற்காற்றில் சாதாரணக் கம்பி துருப்பிடிக்கும் என்பதால் பி.வி.சி பூசிய வலையாக வாங்குங்கள். காக்கை, பூனை நுழையாதபடி பூட்டு இருக்கட்டும். கூண்டின் பாதிக்குக் கீற்று நிழல் கட்டாயம்.

மழைக்காலத்துக்கு வீட்டுக்குள்ளும் ஓர் இடம் வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் 46 செ.மீ-க்கும் மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாள்களுக்கு ஹீட்டிங் பல்பும் யு.வி.பி விளக்கும் தேவை. யு.வி.பி விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும்.

சாப்பாடு முழுக்க சைவம். செம்பருத்தி இலை, பூ, முருங்கைக்கீரை கொடுக்கலாம். பாலக் தினமும் வேண்டாம், அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டை, பூச்சி கூடவே கூடாது.

வாங்கும் முன் சட்டத்தையும் பாருங்கள். 2024-ல் வந்த விதிகளின்படி, இகுவானா கைக்கு வந்த 30 நாள்களுக்குள் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பொரித்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். நம் ஊர் உடும்புக்கு இந்தச் சலுகை கிடையாது; அதை வீட்டில் வைத்திருந்தாலே குற்றம்.

இன்னொன்று, இகுவானாவின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். 5 வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீடு என்றால், இகுவானாவை இப்போதைக்குத் தள்ளிப் போடலாம்.