முகமூடி யாருடையது?

ஊர்வலம் வருகிறது!

அமெரிக்க நாட்டிலே, பிட்ஸ்பர்க் நகரத்து வீதியிலே, ஆண்டுதோறும் கோடையிலே வருகிறது அந்த ஊர்வலம். கொடி இல்லை, கோஷம் இல்லை, பதவி கேட்டுக் கைகூப்பி வருவோரும் இல்லை. நரி வருகிறது, இரண்டு காலிலே நடந்து! ஓநாய் வருகிறது, கையசைத்துக்கொண்டு! நீலநிறப் பூனை ஒன்று, தந்தையின் தோள்மீது அமர்ந்து வேடிக்கை பார்க்கும் குழந்தையிடம் சென்று கைகுலுக்குகிறது. நகரத்து மக்கள் நடைபாதையிலே திரண்டு நின்று ஆரவாரம் செய்கிறார்கள்.

"இதென்ன கூத்து? வேலையற்றவர்களின் வீண் விளையாட்டு!" என்று சொல்லத் தோன்றும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. ஆனால், எள்ளி நகையாடுமுன் எண்ணிப் பார்ப்பதல்லவா முறை? எண்ணிப் பார்த்தோம். படித்தும் பார்த்தோம். நகைக்க வேண்டியது அந்த நரி வேடத்தைக் கண்டல்ல, வேறு சில பெரிய மனிதர்களின் வேடத்தைக் கண்டு என்ற முடிவுக்கு வந்தோம். அதைத் தோழர்களிடம் எடுத்து வைக்கிறோம்.

யார் இவர்கள்?

'ஃபர்ரி'கள் என்று பெயர். விலங்கின் மென்மயிரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். மனிதரைப் போலப் பேசுகிற, உடுத்துகிற, அழுகிற, காதலிக்கிற விலங்குகளைக் கதையிலும் சித்திரத்திலும் படைத்து மகிழ்வோர் இவர்கள்.

பேசும் விலங்கு புதுமையா? இல்லை. ஈசாப் சொன்னான், பஞ்சதந்திரம் சொல்லிற்று. மன்னனின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத உண்மையை, சிங்கத்திடம் நரி சொன்னதாகச் சொல்லிவைத்தது பழைய உலகம். அந்தப் பழைய மரத்திலே துளிர்த்த புதிய கிளைதான் இது.

1973-இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் 'ராபின் ஹுட்' கதையைக் கேலிச்சித்திரப் படமாக எடுத்தது. செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த அந்த வீரன், படத்திலே ஒரு நரி. பார்த்த சிறுவர் பலரின் நெஞ்சிலே அந்த நரி குடிபுகுந்தது. 1980-இல் ஓர் அறிவியல் கதை மாநாட்டிலே, ஸ்டீவ் கலாச்சி என்ற ஓவியர் பூனை முகம் கொண்ட போர்வீராங்கனை ஒருத்தியின் சித்திரத்தை வைத்தார். அதைச் சுற்றி நின்று பேசியவர்கள் அடுத்தடுத்த மாநாடுகளிலும் கூடிப் பேசினர். 1984-இல் 'ரவர்பிராசில்' என்ற ஏடு தோன்றிற்று.

அந்த ஏடு நடந்த முறையைக் கேளுங்கள். முதலாளி இல்லை. விளம்பரம் இல்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் எழுத்தையும் ஓவியத்தையும் தம் செலவிலேயே படியெடுத்துத் தொகுப்பாளருக்கு அனுப்புவர். அவர் அனைத்தையும் அடுக்கிக் கட்டி ஆளுக்கொன்றாக அஞ்சலில் அனுப்புவார். எழுதியவரே அச்சிட்டவர், அச்சிட்டவரே வாசகர். கைக்காசைப் போட்டு ஏடு நடத்திய எவருக்கும் அதன் அருமை தெரியும்.

1989 ஜனவரியில், கலிபோர்னியாவின் கோஸ்டா மேசாவிலே முதல் தனி மாநாடு. நடக்குமோ நடக்காதோ என்ற ஐயத்தில், சோதனை மாநாடு என்று பொருள்பட அதற்குப் 'பூஜ்யம்' என்றே எண் கொடுத்தார்கள். வந்தவர் 65 பேர்! இன்று? 2023-இல் பிட்ஸ்பர்க்கில் நடந்த 'ஆந்த்ரோகான்' மாநாட்டுக்கு வந்தவர்கள் 13,000-க்கும் மேல். அறுபத்தைந்து ஆயிரங்களாயிற்று. பணக்காரர் வளர்த்ததல்ல, பல்லாயிரம் தொண்டர் வளர்த்தது.

பகலிலே உழைப்பு, இரவிலே படைப்பு

இவர்கள் நாள் முழுதும் வால் கட்டிக்கொண்டு திரிவதாக ஒரு நினைப்பு உண்டு. தவறு. மாணவர், எழுத்தர், கடைச் சிப்பந்தி, கணினித் தொழிலாளி என்று எல்லாரையும்போல் பிழைப்பவர்கள். பெரும்பாலோர் இளைஞர். இவர்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் உளநூல் அறிஞர் குழு ஒன்று உண்டு. அவர்கள் சொல்வது: முழு வேடம் வைத்திருப்போர் சிறுபான்மையே. "நான் விலங்கு" என்று நம்புவோர் அதைவிடச் சிறுபான்மை. வேடம் வேடம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பெரும்பாலோர் செய்வது வேறு. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொள்கிறார்கள். அதற்கு 'ஃபர்சோனா' என்று பெயர். ஓநாயா, நரியா, பூனையா, பறவை நாகமா. என்ன நிறம், என்ன குணம், என்ன கதை — எல்லாம் அவரவர் கற்பனை. நாலு பேர் முன் வாய்திறக்க நடுங்குகிறவன், புலியாகத் தன்னை எழுதிக்கொள்கிறான். எழுதி எழுதி, ஒருநாள் புலி பேசுகிற துணிவோடு தானும் பேசத் தொடங்குகிறான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும், தோழர்களே! திரைப்பட ரசிகர் கூட்டத்தைப் பாருங்கள். நிறுவனம் ஒன்று நாயகனைப் படைக்கும். ரசிகன் காசு கொடுத்துப் பார்ப்பான், போற்றுவான், பொம்மை வாங்குவான். படைப்பவன் ஒருவன், பணிபவன் மற்றவன். ஃபர்ரிகளின் உலகிலே இந்த முறை தலைகீழ்! ஒவ்வொரு ரசிகனும் ஒரு நாயகனைப் படைத்தவன். வரையத் தெரியாதவன் வரையத் தெரிந்தவனிடம் கூலி கொடுத்துத் தன் பாத்திரத்தை வரைந்து வாங்குகிறான். அந்தக் கூலியிலே வாடகை கட்டும் இளம் ஓவியர் பலர்.

இனி அந்த வேடத்தைப் பார்ப்போம். கைத்தொழில் தெரிந்த நம் தோழர்கள் ரசிப்பார்கள்.

முதலில் அளவு. உடல்மீது பழைய துணியைப் போர்த்தி, அதன்மேல் ஒட்டும் நாடாவை இறுகச் சுற்றுகிறார்கள். பிறகு கத்தரியால் பிளந்து கழற்றினால், ஆளின் உருவமே கூடாக வந்துவிடும். அதைத் துண்டு துண்டாக வெட்டி விரித்தால் அதுவே தையற்காரனின் மாதிரித் தாள். தலைக்கு மெத்தையில் திணிக்கும் பஞ்சுறை. அதைக் கத்தியால் செதுக்கிச் செதுக்கி மூக்கும் கன்னமும் புருவமும் எழுப்புகிறார்கள். அதன்மேல் செயற்கை மயிர்த்துணி. அந்தத் துணியை மேற்புறத்தில் வைத்துக் கத்தரித்தால் மயிர் பாழாகும். திருப்பிப் போட்டு, அடித்துணியை மட்டும் பிளேடால் கீற வேண்டும். முகத்து மயிரை முடிவெட்டும் கருவியால் கட்டை நெட்டையாகச் சீவ வேண்டும். கண்ணுக்கு நுண்ணிய வலைத்துணி. வெளியிலிருந்து பார்த்தால் வண்ணக் கண், உள்ளிருந்து பார்த்தால் சன்னல். அந்தக் கண்ணைச் சற்றே உட்குழித்து வைத்தால், எங்கே நின்றாலும் நம்மையே அது பார்ப்பதுபோல் தோன்றும்! தேர்ந்த கைகள் செய்த முழு வேடத்தின் விலை சில ஆயிரம் டாலர். வாங்க வகையற்றவர் மாதக்கணக்கில் இரவு விழித்துத் தாமே தைத்துக்கொள்கிறார்கள்.

உள்ளே வெக்கை தாங்காது. அதற்காக மாநாட்டிலே தனி அறை ஒன்று. மின்விசிறி சுழலும், தண்ணீர் இருக்கும். தலையைக் கழற்றி வைத்து மூச்சு வாங்கலாம். பார்வை குறைந்த வேடதாரி தடுக்கி விழாமல் அழைத்துச் செல்லப் பக்கத்தில் ஒரு துணைவர். மாநாட்டுப் பணிகளைச் சம்பளமின்றிச் சுமப்போர் தொண்டர்கள். விலங்குகளைக் காக்கும் உள்ளூர் நிலையங்களுக்கு ஆண்டுதோறும் நிதி திரட்டித் தருகிறார்கள்.

இரும்பு நகரத்தின் வரவேற்பு

பிட்ஸ்பர்க் யாருடைய ஊர்? இரும்புத் தொழிலாளியின் ஊர். 1892-இல் அதன் அருகே ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையிலே உழைப்பாளர் குருதி சிந்திப் போராடினர். 1980களில் ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட, பல்லாயிரவர் வேலையிழந்து தவித்தனர். அந்த ஊர் 2006 முதல் இந்த விசித்திர விருந்தாளிகளைக் கைநீட்டி வரவேற்கிறது. மாநாட்டு மண்டபத்தின் அருகே சிறிய உணவுக்கடை வைத்திருந்த ஒருவர், ஊரே வியந்து பார்த்த இவர்களை முகங்கோணாமல் உபசரித்தார். பின்னர் ஒரு காலம் அந்தக் கடை கடனில் மூழ்கும் நிலை வந்தது. செய்தி அறிந்த ஃபர்ரிகள் ஆளுக்குக் கொஞ்சமாய்ப் பணம் திரட்டிக் கொடுத்தனர். உண்ட சோற்றை மறவாத மக்கள்!

இன்னொரு காட்சி. 2016 மார்ச். கனடாவின் வான்கூவர் அருகே ஒரு விடுதியில் இவர்களின் மாநாடு. அதே விடுதியிலே, போரில் வீடிழந்து வந்த சிரியா நாட்டு அகதிக் குடும்பங்கள். "வந்திருப்போர் பெருந்துயர் பட்டவர்கள், அவர்கள் விரும்பாமல் நெருங்காதீர்கள்" என்று மாநாட்டுக் குழு முன்கூட்டியே தம் மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. நடந்ததோ வேறு! குழந்தைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டனர், படம் எடுத்துக்கொண்டனர், ஆடினர். மொழி தெரியாத குழந்தைக்கு, மொழியே வேண்டாத ஒரு பெரிய பொம்மை நண்பனாயிற்று. பீரங்கி கொண்டுவந்த துயரைப் பஞ்சும் மயிரும் சற்றுநேரம் துடைத்தன.

சிரிப்பும் நஞ்சும்

இத்தகையோருக்குக் கிடைத்த மரியாதை என்ன? 2001-இல் ஒரு பெரிய பத்திரிகை இவர்களைக் காமக் கிறுக்கர்களாகத் தீட்டிற்று. 2003-இல் புகழ்பெற்ற துப்பறியும் தொலைக்காட்சித் தொடர் அதே கதையை வீடுதோறும் கொண்டுசேர்த்தது.

2014 டிசம்பர் 7. சிகாகோ அருகே ரோஸ்மான்ட் நகரில் மாநாடு. நள்ளிரவு கடந்த வேளை. விடுதியின் படிக்கட்டருகே எவனோ வைத்த பொடியிலிருந்து குளோரின் நஞ்சுக்காற்று பரவிற்று. ஆயிரக்கணக்கானோர் குளிரிலே வெளியேற்றப்பட்டனர். 19 பேர் மருத்துவமனை சென்றனர். மனிதரைக் கொல்லத்தக்க நஞ்சு! ஆனால் அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் சொன்னவர், வேடம் அணிந்தோர் மாநாடு என்றதும் சிரிப்பை அடக்கமாட்டாமல் எழுந்தே போனார். மூச்சுத் திணறியவன் மனிதன் என்பதை வேடம் மறைக்கவில்லை. பார்த்தவரின் ஏளனம் மறைத்தது. மாநாட்டினரோ மறுநாளும் கூடினர். அஞ்சி ஓடவில்லை.

குறையே அற்றவர்கள் என்று நாம் கூறவில்லை. வயது வந்தோருக்கான படங்களும் அவர்களிடையே உண்டு. தீயவர் எந்தக் கூட்டத்திலும் புகுவதுபோல் அங்கும் புகுந்ததுண்டு. குற்றம் செய்தவனைச் சட்டம் தண்டிக்கட்டும். ஒருவன் குற்றத்துக்கு ஒரு கூட்டத்தையே கூண்டில் ஏற்றுவது நியாயமா? அந்தக் கூட்டத்தில் பலர், சிறுவயதில் மற்றவரைவிட அதிகம் கேலிக்கும் அடிக்கும் ஆளானவர்கள் என்கிறது ஆராய்ச்சி. தன்பாலினத்தவர், திருநர் என்று வெளியே விரட்டப்பட்டோர் பலர் அங்கே நிழல் கண்டிருக்கிறார்கள்.

பூனையின் மணல் தட்டு

இப்போது வருகிறது அரசியல் வேடம்!

"பள்ளிக்கூடங்களிலே மாணவர்கள் தம்மைப் பூனை என்கிறார்கள், அவர்கள் மலங்கழிக்க மணல் தட்டு வைக்கிறார்கள்" என்று ஒரு வதந்தி அமெரிக்காவெங்கும் கிளம்பிற்று. 2022 மார்ச்சில் நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றத்திலே உறுப்பினர் ஒருவர் அதை முழங்கினார். பிறகு, விசாரிக்காமல் பேசிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு நடந்து போயிற்று. பொய் பறந்து போயிற்று. 2024-இல் ஓக்லஹோமாவில் ஒரு மசோதா: ஃபர்ரி மாணவனைப் பெற்றோர் அழைத்துப்போக வேண்டும், வராவிட்டால் விலங்கு பிடிக்கும் துறை வந்து கொண்டுபோகலாமாம்! 2025-இல் டெக்சாஸிலும் ஒரு மசோதா. அதைக் கொண்டுவந்தவர் சுட்டிய பள்ளி நிர்வாகமே, அப்படி ஒன்றும் இங்கில்லை என்றது. இரண்டு மசோதாவும் நிறைவேறவில்லை.

மணல் எங்குமே இல்லையா? இருந்தது, தோழர்களே! கொலராடோ மாநிலத்திலே, 1999-இல் துப்பாக்கிச் சூட்டில் மாணவர் மாண்ட கொலம்பைன் பள்ளி இருக்கும் வட்டாரத்திலே, வகுப்பறைகளில் வாளியும் அதில் பூனை மணலும் வைத்திருந்தார்கள். எதற்கு? பூனைக்கல்ல. துப்பாக்கியோடு எவனாவது நுழைந்தால், கதவைப் பூட்டிக்கொண்டு மணிக்கணக்கில் ஒளிந்திருக்கும் பிள்ளைகள் சிறுநீர் கழிக்க!

உண்மையான மணல் இருந்த இடம் அது. அதைப் பற்றிச் சட்டமன்றத்தில் முழங்க வாய் வரவில்லை. இல்லாத பூனைக்காக மசோதா எழுதக் கை வந்தது.

சொல்லுங்கள், முகமூடி யாருடையது? தன் கையால் செதுக்கி, தன் கையால் தைத்து, பட்டப்பகலில் வீதியிலே அணிந்து வந்து குழந்தையைச் சிரிக்கவைத்து, மாலையிலே கழற்றி வைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறானே, அவனுடையதா? கழற்றவே கழற்றாமல், சட்டமன்றத்திலும் அணிந்திருக்கிறார்களே, அவர்களுடையதா?

ஆலைச் சங்கு ஊதி வெளியே வரும் மனிதனிடம் என்ன மிஞ்சுகிறது? களைத்த உடலும் சில மணி நேரமும். அந்தச் சில மணியிலே ஒருவன் பாடலாம், எழுதலாம், நரியின் காதுக்கு மயிர் தைக்கலாம். எதைச் செய்தாலும், அந்த நேரத்துக்கு அவன் யாருக்கும் கூலி அல்ல, படைப்பாளி.

அவனைச் சுட்டிக்காட்டி, "பார், விசித்திரம்!" என்று எவனாவது கூவினால், தோழனே, சுட்டும் விரல் போகும் திசையை மட்டும் பார்க்காதே. அவனுடைய மற்றொரு கை எதை மறைக்கிறது என்று பார்!